வெள்ளி பின்னேரம் காலியான 9 கதிரைகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் 3 மணிக்குக் கிட்ட இருக்கும். திங்கட்கிழமை நாங்கள் தொடங்க இருந்த சிறு வியாபாரப் பயிற்சிக்கு சார்ட் பேப்பரும் மார்க்கர் பேனையும் வாங்கிக்கொண்டு திருகோணமலை மத்திய வீதியில் நிற்கிறேன். தம்பலகாமத்திலிருந்து போன் வந்தது. அங்குள்ள மாதர் சங்கத் தலைவி. எடுத்தவுடனேயே சொன்னார்: "மிஸ், கோவிக்காதேங்கோ. மெசின் வந்திட்டுது."

அதற்கு மேல் அவர் விளக்கத் தேவையில்லை. மாசி மாதம், பெரும்போக அறுவடை. வெட்டு மெசின் ஒரு வயல்வெளிக்கு வந்தால் வரிசையில் உள்ள வயல் எல்லாம் வெட்டிவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகும். விட்டால் திரும்ப எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. இடையில் ஒரு மழை விழுந்தால் கதிர் சாய்ந்துவிடும். வெட்டுவது மெசினாக இருந்தாலும் நெல்லைக் காயப் போடுவது, கூட்டி அள்ளுவது, சாக்கு பிடிப்பது, வேலைக்கு நிற்கிற ஆட்களுக்குச் சமைப்பது எல்லாம் பெண்கள்தான். அந்த ஊரிலிருந்து என் பட்டியலில் இருந்தவர்கள் 9 பேர். மொத்தப் பட்டியல் 24. அந்த 9 பேரில் யாரிலும் எனக்குக் கோபம் வரவில்லை. அறுவடையை விட்டுவிட்டு வியாபாரம் படிக்க வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பிழை எங்கள் பக்கம். சரியாகச் சொன்னால், காசு தருகிற பக்கத்தில் தொடங்கி என் வரைக்கும் வந்த பிழை. நிதி மாத முடிவுக்குள் செலவாக வேண்டும் என்று 10 நாளுக்கு முன்னர்தான் எங்களுக்கு அறிவித்தார்கள். ஒழுங்காக ஆள் சேர்ப்பதென்றால் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் போய், அங்கிருந்து கிராம உத்தியோகத்தருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் போய், சங்கங்களில் பேசி, பெயர் திரும்பி வர குறைந்தது 3 கிழமை பிடிக்கும். அந்த 3 கிழமையையும் 4 நாளில் ஓடி முடித்தோம். மாசியில் தம்பலகாமத்தில் அறுவடை என்பது ஊரறிந்த விஷயம். அவசரத்தில் நான்கூட அதை யோசிக்கவில்லை.

20 பேருக்குக் குறைந்தால் பயிற்சி ரத்து, காசு திரும்பிப் போய்விடும். கையில் இருந்ததோ 15 பேர். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. இடையில் இருந்தது சனியும் ஞாயிறும்.

இந்தப் பயிற்சியைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 'உங்கள் வியாபாரத்தை ஆரம்பியுங்கள், மேம்படுத்துங்கள்' என்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் உலகம் முழுக்க நடத்துகிற பாடத்திட்டம். 1970களில் சுவீடனின் முதலாளிமார் சங்கம் தங்கள் நாட்டுச் சிறு தொழில்காரருக்குச் செய்த பயிற்சிதான் இதன் வேர். சந்தைப்படுத்தல், செலவு கணிப்பது, சாமான் வாங்கி இருப்பு வைப்பது, கணக்கு எழுதுவது என்று பகுதி பகுதியாக இருக்கும். விரிவுரை குறைவு. ஒவ்வொருவரும் தன் தொழிலின் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும். அதனால்தான் கதிரையில் யார் இருக்கிறார் என்பது இதில் இவ்வளவு முக்கியம்.

அன்று பின்னேரமே ஓர் அலுவலகத்தில் எனக்கு இலகுவான வழி ஒன்று சொன்னார்கள். பக்கத்துக் கட்டடத்தில் கணினி வகுப்பு நடக்கிறது, பிள்ளைகள் 10 பேரைக் கூப்பிட்டு இருத்துங்கள், வரவுப் பதிவில் கையெழுத்து விழும், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று. சொன்னவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவத்தான் சொன்னார். ஆனால் அந்த வழியில் நான் முன்னர் ஒருமுறை போயிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னர், இதேபோல ஒரு வெள்ளிக்கிழமை, உயர்தரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு 8 கதிரையை நிரப்பினேன். நல்ல பிள்ளைகள்தான். செலவு கணிக்கிற நாள் வந்தபோது அவர்களிடம் போடுவதற்குக் கணக்கில்லை. பக்கத்தில் இருந்த கோழிப் பண்ணைக்கார அம்மாவின் தாளைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். அந்த அம்மா தன் தீன் செலவை மறைத்து மறைத்து எழுதிவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார். தன் நட்டத்தை அந்நியப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்ற கூச்சம். அடுத்த நாள் அவர் வரவில்லை. பட்டியல் நிறைந்திருந்தது. பயிற்சி தேவைப்பட்ட அந்த ஒருவரைத்தான் அந்த நிறைவு வெளியே அனுப்பியது.

"நாளைக்கு வாங்கோ" என்று சொன்னால் உடனே வரக்கூடியவர் யார்? கையில் வேலை இல்லாதவர். தொழில் செய்கிறவர் முதல் நாளே அரிசியை ஊறப்போட்டிருப்பார், ஓடர் எடுத்திருப்பார், கடலிலிருந்து வரப்போகிற மீனுக்கு உப்பு வாங்கி வைத்திருப்பார். அவசரத்தில் ஆள் சேர்த்தால் பயிற்சி யாருக்கோ அவர்தான் முதலில் விடுபட்டுப் போகிறார். வாசலில் நின்று எல்லோரையும் ஒரே மாதிரிக் கூப்பிட்டால் இதுதான் நடக்கும்.

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சி முடிவிலும், சந்தையிலும், பஸ்ஸிலும், கோயில் வாசலிலும் "அடுத்த முறை எனக்கும் சொல்லுங்கோ மிஸ்" என்று கேட்டவர்களின் பெயரை அதில் எழுதி வைப்பேன். 40 பெயருக்கு மேல் இருந்தது. வெள்ளி இரவு, சாப்பிட்டுவிட்டு அதை விரித்துக்கொண்டு இருந்தேன். பாதி இலக்கம் வேலை செய்யவில்லை, எல்லோரும் சிம் மாற்றிவிட்டார்கள். சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவருக்கு எடுத்தபோது மகள் பேசினாள், "அம்மா செத்து ஆறு மாசம் மிஸ்" என்றாள். அதற்குப் பிறகு அடுத்த இலக்கத்தை அழுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதல் நாலைந்து பேரிடம் "திங்கட்கிழமை பயிற்சிக்கு வருவீங்களோ?" என்று கேட்டேன். எல்லோரும் "ஏலாது மிஸ்" என்றார்கள். சனி காலையில் கேள்வியை மாற்றினேன். "திங்கட்கிழமை விடிய எழும்பி என்னென்ன செய்வீங்கள், சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டேன். அப்போதுதான் கதை வரத் தொடங்கியது.

செல்வநாயகபுரத்தில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற ஓர் அக்கா. விடிய 3 மணிக்கு எழும்பி 7 மணிக்குள் 300 இடியப்பம். மகன் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் அவர் கொஞ்சம் கண்ணயர்வார். 8.30க்கு வா என்றால் அவரால் எப்படி முடியும்? 9.30க்குத் தொடங்கினால் வருவேன் என்றார். தொடங்குகிற நேரத்தை 9.30 ஆக்கினேன். பயிற்சி நடத்துகிற மற்ற ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை. இடைவேளையைக் குறைத்து ஈடு செய்தோம்.

அன்புவழிபுரத்தில் தையல் செய்கிற தங்கச்சிக்குப் புதன்கிழமைதான் தடை. புதன் 10 மணிக்கு நுண்கடன் சென்டர், குழுவாகக் கூடித் தவணை கட்டுகிற கூட்டம். ஆள் வராவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் அவருடைய தவணையைக் கட்ட வேண்டும். "பிறகு அவையின்ர முகத்தில முழிக்கேலாது அக்கா" என்றாள். சென்டர் தலைவி யாரென்று கேட்டு, அவர் வீட்டுக்கே போனேன். செவ்வாய் இரவு காசைத் தலைவியின் கையில் கொடுத்துவிடுவது, அவர் கட்டிவிட்டுத் துண்டில் எழுதித் தருவது என்று பேசி முடித்தோம். 10 நிமிஷ வேலை. இந்தப் 10 நிமிஷத்துக்கு ஆளில்லாமல் எத்தனை பேர் எத்தனை வகுப்பைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைக்க மனது கனத்தது.

கிண்ணியாவில் இரண்டு பேர், ராத்தாவும் தங்கச்சியும். எருமைத் தயிர் போடுகிறவர்கள். நோன்பு தொடங்க இன்னும் இரண்டு கிழமைதான், நோன்பு காலத்தில் தயிருக்குக் கேள்வி கூடும், அதற்கு முதல் விலையைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கே இருந்தது. தடை வேறு. தங்கச்சியின் மகனுக்கு 4 வயது, நேசரி 11.30க்கு விட்டுவிடும். "புள்ளயக் கூட்டிட்டு வந்தா ஏசுவாங்களா மிஸ்?" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு வாங்கோ என்றேன். மண்டபக் காவலாளியின் மகளிடம் சொல்லிப் பின்னால் ஒரு பாய் விரித்து வைத்தோம். கிண்ணியா என்றதும் எனக்கு எப்போதும் பழைய பாதை, அதுதான் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவை, ஞாபகம்தான் வரும். பாலம் 2009 ஐப்பசியில் திறந்தார்கள், 396 மீற்றர். அதற்கு முன்னர் பாதைக்காகக் காத்து நின்றுதான் அக்கரைக்கும் இக்கரைக்கும் போவோம். அந்தக் காலத்தில் சனிக்கிழமை சொல்லித் திங்கட்கிழமை வா என்று கிண்ணியா ஆளைக் கேட்டிருக்கவே முடியாது. இப்போது பஸ் பாலத்தால் நேராக வருகிறது. பஸ் வந்தால் மட்டும் போதாது, பஸ் காசும் வேண்டும். போக்குவரத்துக் காசைக் கடைசி நாள் மொத்தமாகத் தருவதுதான் எங்கள் வழக்கம். செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குக் காசில்லாதவர் வெள்ளி வரைக்கும் எப்படித் தாங்குவார்? இந்த முறை அன்றன்று கொடுத்தோம். கணக்கு எழுதுகிறவருக்கு 5 தரம் வவுச்சர் போடுகிற வேலை, அவர் முகம் சுளிக்காமல் செய்தார்.

திருக்கடலூரில் கருவாடு போடுகிற அம்மா ஒருவர் தன் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். நிலாவெளியில் வீட்டோடு இரண்டு அறை வெளிநாட்டவருக்கு வாடகைக்குக் கொடுக்கிற ஒருவர், சித்திரைக்குப் பிறகு சீசன் தொடங்கினால் தலை நிமிர நேரம் இருக்காது, இப்போதென்றால் வரலாம் என்றார். அவருக்கு மட்டும்தான் இந்த அவசரம் உண்மையில் வசதியாக அமைந்தது.

எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே குரல் செய்தி அனுப்பினேன். எழுத்தில் அனுப்பினால் பலர் பார்ப்பதில்லை, குரலென்றால் சமைத்துக்கொண்டே கேட்பார்கள். இடம், நேரம், மத்தியானச் சாப்பாடு, பஸ் காசு அன்றன்றே கிடைக்கும் என்பதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இதையும் சொன்னேன்: "இந்தப் பயிற்சியில சாமான் ஒண்டும் குடுக்கமாட்டம். கடனும் எடுத்துத் தரமாட்டம். கணக்குப் படிப்பிப்பம், அவ்வளவுதான்."

இதைச் சொல்லாதே, ஆள் குறையும் என்று என்னுடன் வேலை செய்கிறவரே சொன்னார். நான் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்துச் சனம் பெயர் எழுதிக் கொடுத்துக் களைத்த சனம். 2004 சுனாமிக்குப் பிறகு எழுதினார்கள். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோது முகாமுக்கு முகாம் எழுதினார்கள். மீளக் குடியேறியபோது திரும்ப எழுதினார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப அங்கத்தவர் தொகை. எழுதிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? அதனால்தான் ஒரு பெண் என் கொப்பியில் பெயர் சொன்னால், அதை இன்னொரு பட்டியலாக நினைக்க என்னால் முடிவதில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டிக் கூப்பிடவும் மனம் வராது. அந்தச் செய்தியைக் கேட்டு ஒருவர் மட்டும் நின்றுவிட்டார். மற்றவர்கள் வந்தார்கள்.

ஞாயிறு இரவு 22 பேர். திங்கள் காலை வந்தது 21. பழைய பட்டியலில் இருந்த ஒருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். இடியப்ப அக்கா 9.50க்கு வந்தார், முழங்கையில் மா காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கிண்ணியாச் சின்னவன் பாயில் 5 நிமிஷம்கூட இருக்கவில்லை. வாசலில் மான் வந்து நின்றதைக் கண்டுவிட்டான். எங்கள் பட்டினத்து மான்கள் கோட்டைப் பக்கமிருந்து கடை வாசல் வரை பயமில்லாமல் திரிகிறவை. வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அவனும், இரண்டு பாகம் தள்ளி மானும், ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அன்று முழுக்க அவன் தாயைத் தேடவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். நாலு ஊர் ஆட்கள் சேர்ந்து இருக்கும்போது எல்லோரும் மனம் கோணாமல் சாப்பிடுகிற கடையாகப் பார்த்து மீன் சோறு சொன்னோம், வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மரக்கறி. இதில் பிழை விட்டால் பயிற்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊருக்குப் போய்ச் சொல்கிற கதை சோற்றுப் பார்சலைப் பற்றித்தான் இருக்கும்.

புதன்கிழமைதான் செலவு கணித்தல். இடியப்ப அக்காவைக் கேட்டேன், ஒரு நாளைக்கு என்ன லாபம்? "மா 1680 போகும், விக்கிறது 3000. ஆயிரத்து முந்நூறு நிக்குது மிஸ்" என்றார், யோசிக்காமல். பலகையில் எழுதிக்கொண்டு போனோம். 300 இடியப்பம், ஒன்று 10 ரூபா. கடையிலிருந்து திரும்பி வருவது எத்தனை? தினம் 20 அளவில், அதைக் கோழிக்குப் போடுவார். அப்போது விற்றது 280, வந்தது 2800. மா 7 கிலோ, கிலோ 240 வீதம் 1680. விறகு 200. ஆட்டோவுக்கு எண்ணெய் 300. உப்பும் சுற்றுகிற தாளும் 20. மிச்சம் 600.

"சரி, அவிக்கிறது ஆர்?"

"நானும் மச்சாளும்."

"எவ்வளவு நேரம்?"

"மூண்டு மணியில இருந்து ஏழு."

இரண்டு பேர், ஆளுக்கு 4 மணித்தியாலம், மொத்தம் 8. 600ஐ 8ஆல் பிரிக்கச் சொல்லி மார்க்கரை அவர் கையிலேயே கொடுத்தேன். எழும்பி வந்து, பலகைக்குக் கிட்ட நின்று, பிரித்து, 75 என்று எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பவில்லை. அந்த இலக்கத்தின் கீழே ஒரு கோடு போட்டார், பிறகு இன்னொரு கோடு. மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து கிண்ணியா ராத்தாதான் மெல்லச் சொன்னார், "நாங்க சட்டிக் காசையே கணக்குல எடுக்கல மிஸ்." அதற்குப் பிறகு எல்லோரும் தங்கள் தாளைத் திருப்பி முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். கருவாட்டு அம்மா உப்பை, தையல் தங்கச்சி மெசின் எண்ணெயையும் மின்சாரத்தையும். கணக்கு இருக்கிற ஆட்கள் கதிரையில் இருந்தால் மட்டும்தான் அந்தப் பின்னேரம் அப்படி இருக்கும். அலுவலகத்தில் சொன்ன அந்த 10 பிள்ளைகளும் இருந்திருந்தால் இடியப்ப அக்கா எழும்பி வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

வெள்ளிக்கிழமை வரை 20 பேர் நின்றார்கள். அக்கா 12 ரூபாவாக விலை சொல்லிப் பார்த்தார். ஒரு கடை ஒத்துக்கொண்டது, ஒரு கடை 11 தருகிறேன் என்றது, மற்றக் கடை வேண்டாம் என்றுவிட்டது. அந்தக் கடையிலிருந்துதான் திரும்பி வருவதும் கூட வந்ததாம். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள இரண்டு விடுதிகளுக்கு நேரே கொடுக்கக் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

கொப்பியை நான் மாற்றி எழுதிவிட்டேன். பெயருக்கு நேரே இப்போது இன்னும் நாலு கோடு அடித்திருக்கிறேன்: வேலை முடிகிற நேரம், பஸ், கடன் கட்டுகிற நாள், வீட்டில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது. அடுத்த முறை காசு தருகிறவர்கள் 10 நாளில் நடத்து என்று சொன்னாலும், யாரை எந்த நேரத்துக்குக் கூப்பிடலாம் என்று எனக்குத் தெரியும். 10 நாள் போதாது என்பதையும் இந்த முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். எந்த ஊரில் எந்த மாதம் அறுவடை, எங்கே எப்போது மீன் படும், நோன்பு எப்போது, கோயில் திருவிழா எப்போது என்று ஒரு பக்கத்தில் எழுதி அந்தக் கடிதத்தோடு இணைத்தேன்.

முதல் பக்கத்தில் தம்பலகாமத்து 9 பெயர். போன கிழமை அந்தத் தலைவி எடுத்தார். மெசின் போய்விட்டதாம், நெல் காய்ந்து சாக்கில் ஏறிவிட்டதாம், வியாபாரிகள் வந்து விலை கேட்கிறார்களாம்.

"மிஸ், இப்பவே குடுக்கிறதோ, வச்சிருந்து குடுக்கிறதோ எண்டு நாங்கள் அடிபட்டுக்கொண்டு இருக்கிறம். அதையும் அந்தப் பயிற்சியில கணக்குப் போட்டுப் பாக்கலாமோ?"

பார்க்கலாம் என்றேன். எத்தனை மணிக்குத் தொடங்கினால் வசதி என்று கேட்டேன்.